தூண்டில் முள்ளை விழுங்கிய மீனை எப்படி உயிரோடு விடுவது?

மாரி பெய்து குளங்கள் நிரம்பினால் எங்கள் ஊர்ப் பெடியள் தூண்டிலோடு கிளம்பிவிடுவார்கள். போன மாரியில் அக்காவின் மகன் உள்ளங்கை அளவு திலாப்பியா ஒன்றைப் பிடித்தான். சின்ன மீன், திரும்ப விடுவோம் என்றான். ஆனால் அது மண்புழுவோடு முள்ளையும் விழுங்கிவிட்டது, வாயைத் திறந்து பார்த்தால் தங்கூசி நூல் மட்டும் நேராகத் தொண்டைக்குள் போகிறது. நான் பக்கத்தில் வருவதற்குள் இரண்டு தரம் இழுத்து முள்ளை எடுத்துவிட்டான். முள்ளோடு கொஞ்சம் இளஞ்சிவப்புத் தசையும் வந்தது. மீனைத் தண்ணீரில் விட்டதும் விருட்டென்று ஓடியது. "மாமா, ஓடிட்டுது!" என்று அவனுக்குச் சரியான சந்தோசம்.

ஓடியது உண்மைதான். ஆனால் ஓடிய மீன் பிழைத்துவிட்டது என்று அர்த்தமில்லை, அது சாகிறதென்றால் பெரும்பாலும் நாங்கள் வீட்டுக்குப் போன பிறகுதான் சாகும். தூண்டில் போடுகிற எல்லோருக்கும் முள்ளை எடுத்துவிட்டால்தான் மீனுக்கு நல்லது என்ற எண்ணம் இருக்கிறது. காலில் குத்திய முள்ளைப் பிடுங்கிப் பழகிய கை அப்படித்தான் போகும். தொண்டைக்குள் போன முள்ளுக்கு அது சரிவராது.

ஏன் என்று விளங்க, அடுத்த தரம் மீன் வெட்டும்போது வடிவாகப் பாருங்கள். இரண்டு செவுளும் சேர்கிற இடத்துக்குக் கொஞ்சம் பின்னால், அடிப்பக்கமாக, கருஞ்சிவப்பாக ஒரு சின்னத் துண்டு இருக்கும். அதுதான் இதயம். மீனின் இதயம் வயிற்றுக்குள் இல்லை, தொண்டைக்கு நேர் கீழே இருக்கிறது, அதற்கு அடுத்ததாக ஈரல். அந்த இதயத்துக்கு ஒரு மேலறை, ஒரு கீழறை என்று இரண்டே அறைகள்தான், அதிலிருந்து வெளியேறுகிற இரத்தம் முழுக்க முதலில் செவுளுக்குத்தான் போகிறது, வேறு எங்கும் சுற்றி வேகம் குறைந்து வருவதில்லை. அதனால்தான் செவுள் கிழிந்தால் இரத்தம் அப்படிக் கொட்டுகிறது. தொண்டையில் மாட்டிய முள்ளை இழுக்கும்போது அதன் முனை இதயத்துக்கும் ஈரலுக்கும் செவுளுக்கும் விரற்கடைத் தூரத்தில்தான் கிழித்துக்கொண்டு வருகிறது.

முள்ளின் அமைப்பும் அதற்கு ஒத்தாசை. முனைக்குக் கொஞ்சம் கீழே, பின்னோக்கிப் பார்த்தபடி ஒரு சின்ன எதிர்க்கூர் இருக்கிறதே, உள்ளே போகும்போது அது சதையோடு ஒட்டிப் போகும், திரும்பி வரும்போது விரிந்து நின்று தடுக்கும். போகும்போது ஊசி குத்திய அளவு துளை, வெளியே வரும்போது கிழிசல். நாங்கள் இழுக்கிற திசையும் முள் உள்ளே போன வழியாக இருப்பதில்லை, வாயை நோக்கி நேராக இழுக்கிறோம், வளைவு குறுக்கே நின்று தசையைச் சேர்த்து இழுக்கிறது.

இதைச் சரியாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2009இல் வெளியான ஒரு கனடிய ஆய்வில், புளூகில் என்ற சின்ன நன்னீர் மீனின் உணவுக்குழாயில் முள் மாட்டியபோது, சிலவற்றில் முள்ளைப் பிடுங்கி எடுத்தார்கள், சிலவற்றில் நூலை மட்டும் வெட்டிவிட்டு முள்ளை உள்ளேயே விட்டார்கள். இரண்டு நாளில் முள் பிடுங்கிய மீன்களில் 33 சதவீதம் செத்துவிட்டன, நூல் வெட்டியவற்றில் 8 சதவீதம்தான். பத்து நாள் முடியும்போது அது 44க்கு 12.5 என்று ஆனது. எனக்குப் பெரிய ஆச்சரியம் அடுத்த எண்தான்: நூல் வெட்டி விட்ட மீன்களில் 45.5 சதவீதம் அந்த நாட்களுக்குள்ளேயே முள்ளைத் தாங்களாகவே வெளியே தள்ளிவிட்டன, வழமைபோல இரையும் எடுத்தன. மீனின் உணவுக்குழாய் தடித்த தசைச்சுவர் கொண்டது, நன்றாக விரியக்கூடியது. முள்ளெலும்பும் ஓடும் உள்ள இரையை முழுசாக விழுங்கிப் பிழைக்கிற உயிர் அது. குத்திய இடத்தில் தசை மெல்ல இளகி முள் கழன்றுவிடலாம், அல்லது முள்ளைச் சுற்றி உடம்பே ஒரு நார்த்திசு உறையைக் கட்டிக்கொள்ளலாம்.

அதனால் முதலில் பாருங்கள். முள்ளின் வளைவு கண்ணுக்குத் தெரிந்தால் எடுக்கலாம், நூலைத் தளர்த்திவிட்டு, மூக்கு நீண்ட குறட்டால் வளைவைப் பிடித்து, போன வழியே பின்னுக்குத் தள்ளித் திருப்பி எடுக்கவேண்டும். குறடு நுழையாத சின்ன வாய் என்றால், நுனியில் பிளவு வைத்த மெல்லிய குச்சி போதும். நூலைப் பிளவுக்குள் விட்டு, நூல் வழியே வளைவு வரை இறக்கி, கொஞ்சம் உள்ளே அழுத்தினால் முனை கழன்றுவிடும். வளைவு தெரியவில்லையா, தொண்டைக்குள் மறைந்துவிட்டதா, ஒன்றும் தோண்டவேண்டாம். நூலை இழுக்காமல், எட்டுகிற அளவுக்கு முள்ளுக்குக் கிட்டவாக வெட்டிவிடுங்கள். நீளமாக நூலை விட்டால் அது வாய்க்கு வெளியே தொங்கிப் பாசியிலும் வேரிலும் சிக்கும். கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டு நிற்காமல் முதலே கைக்கெட்ட வைத்திருக்கவேண்டும், ஏனென்றால் இங்கே நேரம்தான் பெரிய விசயம்.

தண்ணீரில் செவுளின் மெல்லிய தகடுகள் விரிந்து மிதந்தபடி இருக்கும். வெளியே எடுத்தவுடன் ஈரத் தாள்கள் மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, அதற்குப் பிறகு காற்றில் எவ்வளவு ஒட்சிசன் இருந்தும் மீனுக்குப் பயனில்லை. 1992இல் வானவில் டிரவுட்டை (நுவரெலியாப் பக்கம் வெள்ளைக்காரர் கொண்டுவந்து விட்ட அதே மீன்) களைக்கும்வரை விரட்டிவிட்டுப் பார்த்தார்கள். காற்றில் எடுக்காதவற்றில் 12 சதவீதம் செத்தன, 30 விநாடி காற்றில் வைத்தவற்றில் 38 சதவீதம், 60 விநாடி வைத்தவற்றில் 72 சதவீதம். டிரவுட் குளிர்நீர் மீன், அந்த எண்ணை அப்படியே திலாப்பியாவுக்கு வைக்க முடியாது. ஆனால் எங்கள் பக்கத்துக்கு வேறொரு சிக்கல் இருக்கிறது. 20 பாகை வெப்பத்தில் ஒரு லீற்றர் நன்னீர் 9 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஒட்சிசனைத் தாங்கும், 30 பாகையில் ஏறக்குறைய 7.5 தான். போராடிக் களைத்த மீனுக்கு மத்தியான வெயிலில் மூச்சு மீட்கக் கிடைப்பது அவ்வளவு குறைவு. எனவே முடிந்தவரை மீனைத் தண்ணீருக்குள்ளேயே, அல்லது குளத்துநீர் நிரப்பிய வாளிக்குள் வைத்தே வேலையைப் பாருங்கள். கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள், உலர்ந்த கையும் சுடுமணலும் மீனின் வழுவழுப்பை உரித்துவிடும், நோய்க்கிருமியைத் தடுக்கிற முதல் வேலி அதுதான்.

விரால் இதில் தனி. அதன் தலைக்குள் செவுளுக்கு மேலே காற்றை மூச்சாக எடுக்கும் அறை உண்டு, மேலே வந்து காற்றைக் குடிக்க விடாவிட்டால் தண்ணீருக்குள்ளேயே மூச்சடைத்துச் செத்துவிடும். எனவே விராலுக்கு ஒரு நிமிடக் காற்றால் பெரிய கேடில்லை, தோல் காயாமல் பார்த்தால் போதும். ஆனால் தொண்டைக்காயம் விராலையும் விடாது, தவளையை முழுசாக விழுங்குகிற அந்தப் பெரிய வாய்க்கு முள் ஆழமாகப் போவதும் லேசு.

ஆழமாகப் போகாமலே தடுக்க முடிந்தால் இத்தனையும் தேவையில்லை. தூண்டிலைக் குத்திவைத்துவிட்டுத் தேத்தண்ணிக்குப் போகாதீர்கள், நூல் தளர்ந்து கிடக்கிற நேரத்தில்தான் மீன் முள்ளை விழுங்குகிறது. எதிர்க்கூரைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள், அரை நிமிட வேலை. முனை தண்டை நோக்கித் திரும்பியிருக்கும் வட்ட முள் கிடைத்தால் இன்னும் நல்லது, விழுங்கினாலும் நூல் இறுகும்போது அது வழுகி வந்து வாயோரத்தில் மாட்டும், ஆனால் சடாரென்று இழுக்காமல் மெதுவாக இறுக்கவேண்டும். மீனை விடுகிற எண்ணம் இருந்தால் துருப்பிடிக்காத எஃகு முள் வேண்டாம், நூலை வெட்டிவிட்டால் அது உள்ளே லேசில் கரையாது.

செவுளிலிருந்து இரத்தம் கொட்டுகிற மீனை மட்டும் நான் விடுவதில்லை. அது பிழைப்பது மிகக் கடினம், தலையில் ஒரே அடியில் முடித்துக் கறிக்கு எடுத்துக்கொள்வேன்.

மற்றதை விடும்போது வீசாமல், அடிவயிற்றைத் தாங்கி, நேராக நிமிர்த்திப் பிடியுங்கள். முன்னும் பின்னும் ஆட்டவேண்டாம், பின்னுக்கு இழுத்தால் தண்ணீர் செவுளுக்குள் எதிர்த்திசையில் போகும். வாலை அடித்து அது தானே போகும்வரை பொறுங்கள். மாரியில் பிடிபட்ட விராலைப் பிடித்த அதே இடத்திலேயே விடுங்கள், பக்கத்தில் செம்மஞ்சள் நிறத்தில் கூட்டமாக மேலே வந்து வந்து போகும் குஞ்சுகள் தெரிந்தால் இன்னும் கெதியாக விடுங்கள். அவற்றைக் காவல் காத்துக்கொண்டு நின்றதால்தான் அது உங்கள் தூண்டில்மீது பாய்ந்திருக்கும், அது திரும்பி வரும்வரை சுற்றியிருக்கிற கெளுத்தியும் திலாப்பியாவும் சும்மா நிற்காது.