டிஸ்கெக்டமி: பொருள், வேர், தமிழ்ச்சொல்

பாலக்கோடு, ராயக்கோட்டை மண்டிகளில் தக்காளி கிரேடு (பெட்டி) தூக்குகிறவர்களுக்கும், கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் வேலைக்குப் போகிறவர்களுக்கும் இடுப்புப் பிடிப்பு புதிதல்ல. வலி இடுப்பிலிருந்து பின்தொடை வழியாகக் கெண்டைக்காலுக்கு இறங்கினால் "ஜவ்வு விலகிடுச்சு" என்பார்கள். ஸ்கேனுக்குப் பிறகு சீட்டில் 'டிஸ்கெக்டமி' என்று அறுவையின் பெயர் எழுதியிருந்தால் வீட்டில் எழும் முதல் கேள்வி: "ஜவ்வையே எடுத்துட்டா எலும்பும் எலும்பும் உரசாதா?" இந்தப் பயத்துக்கு அந்தச் சொல்லும் ஒரு காரணம்.

கிரேக்கத்தில் 'டிஸ்கோஸ்' என்றால் வீசியெறியும் வட்டு; 'எக்டோமே' என்றால் வெட்டி வெளியே எடுத்தல். டான்சிலெக்டமியில் வரும் அதே விகுதிதான். அங்கே டான்சில் முழுதாக வெளியே வரும். இடுப்பில் செய்யும் டிஸ்கெக்டமியில் வட்டு முழுதாக வருவதில்லை.

'ஜவ்வு' என்ற சொல்லும் உதவாது. காதில் ஓட்டை விழுந்தாலும் ஜவ்வு, முழங்காலில் தசைநார் அறுந்தாலும் ஜவ்வு. பள்ளி விளையாட்டு விழாவில் 'வட்டெறிதல்' என்கிறோமே, அந்த வட்டுதான் டிஸ்கோஸுக்கு நேரான சொல். முள்ளெலும்புகளுக்கு நடுவே இருப்பதால் 'இடைவட்டு'. 'இடைத்தட்டு' என்றும் எழுதுகிறார்கள். தட்டு என்றதும் விறைப்பான பொருள் நினைவுக்கு வருவதால் அது அவ்வளவு பொருந்தவில்லை. இடைவட்டின் வெளிப்புறம் பல அடுக்கு நார் வளையம், நடுவில் நீர் நிறைந்த கூழ். 'விலகல்' என்பதும் பிழை. வட்டு நகர்வதில்லை, வளையம் கிழிந்து கூழ் பிதுங்கி, பக்கத்திலுள்ள நரம்பு வேரை அழுத்துகிறது. கால் வலிக்கு இதுவே காரணம் என்று பாஸ்டனில் மிக்ஸ்டர், பார் என்ற இரு மருத்துவர்கள் 1934இல் எழுதினார்கள். அதற்கு முன் அந்தத் துண்டைக் கட்டி என்றே பலர் எண்ணினார்கள். இடுப்பை மிதித்தோ நீவியோ பிதுங்கியதை உள்ளே தள்ள முடியாது.

அறுவையில் நடப்பது இது. நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, எக்ஸ்ரே திரையில் எந்த மட்டம் என்று எண்ணி உறுதிசெய்கிறார்கள். சிலருக்குக் கடைசி முள்ளெலும்பு இடுப்பெலும்போடு ஒட்டியிருக்கும். எண்ணிக்கை தவறி வேறு மட்டத்தைத் திறந்துவிடும் ஆபத்து அங்கேதான். பிறகு 2 முதல் 3 சென்டிமீட்டர் கீறல். தசையை ஒதுக்கி, முள்ளெலும்புகளை இணைக்கும் மஞ்சள் நார்ப்பட்டையைத் திறந்து, நரம்பை மெல்ல நகர்த்தி, பிதுங்கிய துண்டையும் உள்ளே தளர்ந்து கிடப்பதையும் மட்டும் எடுக்கிறார்கள். மீதி வட்டு அங்கேயே இருக்கும். 'மைக்ரோ' என்ற முன்னொட்டு நுண்ணோக்கியைக் குறிக்கிறது. 1977இல் யாசர்கில், காஸ்பர் ஆகியோரின் வெளியீடுகளுக்குப் பிறகு அது பரவியது.

"முதுகுல கத்தி வெச்சா கால் போயிடும்" என்ற பேச்சுக்கும் விடை சொல்ல வேண்டும். பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பின் முதல் அல்லது இரண்டாம் முள்ளெலும்பு அருகிலேயே முடிந்துவிடுகிறது. பிதுக்கம் பெரும்பாலும் நான்காம், ஐந்தாம் எலும்புகளுக்குக் கீழே. அங்கே இருப்பது நரம்புக் கற்றை. ஆபத்தே இல்லை என்பதல்ல: நரம்புக் கற்றையைச் சுற்றியுள்ள உறை கிழிந்து உள்ளிருக்கும் நீர் கசிந்தால் எழுந்து உட்காரும்போது கடும் தலைவலி வரும், நரம்புக் காயமும் கிருமித் தொற்றும் அரிதாக நேரும்.

வட்டுக்கு ரத்த ஓட்டம் மிகக் குறைவு, அதனால் கிழிந்த வளையம் சரியாக மூடுவதில்லை. நூற்றில் 5 முதல் 15 பேருக்குத் திரும்பப் பிதுங்கும். அடுத்த நாளே நடக்கலாம். ஆனால் முதல் ஆறு வாரம் கிரேடும் தண்ணீர்க் குடமும் தூக்கக் கூடாது. இன்னொன்று, இந்த அறுவை கால் வலிக்கானது. இடுப்பு வலி மட்டும் இருப்பவருக்கு இதனால் பலன் குறைவு.

கழுத்தில் கதை வேறு. முன்பக்கமாக, மூச்சுக்குழாயை ஒதுக்கி உள்ளே போய், வட்டை ஏறக்குறைய முழுதாகவே எடுக்கிறார்கள். அந்த இடைவெளியில் எலும்புத் துண்டோ சிறு கூடோ வைத்து இரு எலும்புகளையும் ஒன்றாக்குவது வழக்கம்; சிலருக்குச் செயற்கை வட்டு. சில நாள் விழுங்கச் சிரமமும் குரல் கம்மலும் இருக்கலாம்.

ஆகவே ஒரே தமிழ்ச்சொல் இரண்டுக்கும் போதாது. கழுத்தில் செய்வது 'இடைவட்டு நீக்கம்'. இடுப்பில் செய்வதை 'வட்டுப் பிதுக்க நீக்கம்' என்பதே சரி. நுண்ணோக்கி வைத்துச் செய்தால் 'நுண்ணோக்கிவழி வட்டுப் பிதுக்க நீக்கம்'. சொல் நீளம்தான், ஆனால் அறுவைக்குச் சம்மதக் கையெழுத்துப் போடுகிறவருக்கு எதை எடுக்கிறார்கள் என்பது விளங்கும்.

பெரும்பாலோருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் மருந்து, பயிற்சியிலேயே கால் வலி தணியும். தணியாத வலிக்கும், கால் பெருவிரலைத் தூக்க முடியாதபடி பலம் குறைந்துகொண்டே போனாலும் அறுவை பற்றிப் பேசலாம். சிறுநீர் போகாமல் அடைத்தாலோ, மலத்தை அடக்க முடியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ காத்திருக்கக் கூடாது. 108ஐ அழைத்து, எம்ஆர்ஐயும் நரம்பு அல்லது எலும்பு அறுவை மருத்துவரும் உள்ள மருத்துவமனைக்கு அன்றே போக வேண்டும்.