ஏகேஏபி5: நங்கூரமா, முளையா?

ஏகேஏபி5 மனிதரின் 14ஆவது குரோமோசோமில் உள்ள மரபணு. அது தரும் புரதத்துக்கும் அதே பெயர். எழுத்துகள் 'ஏ-கைனேஸ் ஆங்கரிங் புரோட்டீன்' என்பதன் சுருக்கம். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதே இங்கே கேள்வி. 5 வெறும் வரிசை எண். பழைய ஆய்வுக் கட்டுரைகளில் இதுவே ஏகேஏபி79. புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓடவிட்டபோது 79 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) காட்டியதால் வந்த எண் அது. உண்மையில் புரதத்தில் இருப்பவை 427 அமினோ அமிலங்கள். எடை ஏறத்தாழ 47 கிலோடால்டன்தான். ஜெல் சொன்ன பொய் பெயராகவே நிலைத்துவிட்டது. மாட்டில் இதன் இணைப் புரதம் ஏகேஏபி75, எலியில் ஏகேஏபி150. புதிதாகப் படிப்பவர் மூன்றும் வேறுவேறு என்றே நினைப்பார்.

கைனேஸ், 'அசைத்தல்' என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. சினிமாவுக்கும் அதே வேர். ஆனால் இந்த நொதி எதையும் அசைப்பதில்லை; செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியிலிருந்து பாஸ்பேட் என்னும் சிறு வேதிக்குழுவை எடுத்து இன்னொரு மூலக்கூறின்மேல் ஏற்றுகிறது. வேரைப் பார்த்து 'அசைவு நொதி' என்றால் பொருள் கெடும். 'பாஸ்பேட் ஏற்று நொதி' என்று ஒருமுறை விளக்கிவிட்டு, கைனேஸ் என்றே எழுதலாம். முன்னால் நிற்கும் 'ஏ', செல்லுக்குள் செய்தி கடத்தும் சிறு மூலக்கூறான வளைய ஏஎம்பி தூண்டும் கைனேஸ் இது என்பதற்கான அடையாளம்.

ஆங்கர் என்றதும் நங்கூரம் நினைவுக்கு வரும். அதுவும் பாரசீக 'லங்கர்' வழி வந்ததுதான். கடலோடிகள் நெடுங்காலமாகப் புழங்கிவிட்டதால் அந்நியமாகத் தெரிவதில்லை. 'தளை' என்ற சொல் கூடாது. தளை செயலை முடக்கும். இங்கே கட்டப்பட்ட கைனேஸ் வேலை செய்கிறது. கைனேஸில் இருவகைப் பகுதிகள், அதாவது துணையலகுகள், உண்டு; அவற்றில் ஒழுங்குபடுத்தும் துணையலகை இப்புரதம் பற்றிக்கொள்கிறது. வளைய ஏஎம்பி வந்ததும் வினையூக்கும் துணையலகு விழித்து, அக்கம்பக்கத்துப் புரதங்கள்மேல் பாஸ்பேட் ஏற்றும். முளையடித்துக் கட்டிய மாடு கயிறு எட்டும்வரை மேய்வது போல. பொருளுக்கு முளைதான் கச்சிதம். ஆனால் 'முளைப்புரதம்' என்றால் முளைகட்டிய பயறுதான் கண்முன் வரும்! ஆகவே என் தேர்வு 'ஏ-கைனேஸ் நங்கூரப் புரதம்'.

ஒரு குறை மட்டும் உண்டு. நரம்பணு இணைப்புகளில் இதே புரதம் இன்னொரு கைனேஸான புரதக் கைனேஸ்-சியையும் பாஸ்பேட்டைக் கழற்றும் நொதியான கால்சினியூரினையும் கூடவே கட்டிவைத்திருக்கிறது. ஏற்றுபவனும் இறக்குபவனும் ஒரே இடத்தில். பெயரிலோ முதலில் பிடிபட்ட ஏ-கைனேஸ் மட்டும்.