பெயரைப் படித்தது போதும், தேதியைப் படியுங்கள்

உச்ச நீதிமன்றத்துக்குப் புதிய நீதிபதி என்று செய்தி வந்ததும் எந்த ஊர்க்காரர், எந்தச் சமூகம், யாருக்கு வேண்டியவர் என்றுதான் பேச்சு போகிறது. அதோடு இரண்டு தேதிகளையும் பாருங்கள்: நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் மூத்த நீதிபதிகள் குழுவான கொலீஜியம் பரிந்துரைத்த நாள், பதவியேற்ற நாள். அரசியல் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

கே.வி.விஸ்வநாதன் பெயர் 2023 மே 16-இல் பரிந்துரைக்கப்பட்டது. மே 19-இல் பதவியேற்றார். கே.எம்.ஜோசப் பெயர் 2018 ஜனவரி 10-இல் போனது. பதவியேற்றது ஆகஸ்ட் 7-இல். ஒருவருக்கு மூன்று நாள், மற்றவருக்கு ஏறத்தாழ ஏழு மாதம். நடைமுறை இருவருக்கும் ஒன்றேதான்.

அந்த நடைமுறை இது. தலைமை நீதிபதியும் அடுத்த நான்கு மூத்த நீதிபதிகளும் கொலீஜியமாகக் கூடிப் பெயரை முடிவு செய்கிறார்கள். இருவர் தக்க காரணத்தோடு வலுவாக எதிர்த்தால் அந்தப் பெயரை வலியுறுத்தக் கூடாது என்பது 1998-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிறகு கோப்பு சட்ட அமைச்சர், பிரதமர் வழியாகக் குடியரசுத் தலைவரிடம் போகும். அரசு காரணம் சொல்லித் திருப்பி அனுப்பலாம். கொலீஜியம் ஒருமனதாக மீண்டும் அனுப்பினால் நியமித்தாக வேண்டும். எத்தனை நாளுக்குள்? அரசியலமைப்பின் 124-ஆவது பிரிவில் அதற்குக் கெடு இல்லை. (கொலீஜியம் என்ற சொல்லே அங்கு இல்லை என்பது வேறு கதை.) 2021 ஏப்ரலில் நீதிமன்றம் வகுத்த கெடு, மறுபரிந்துரைக்குப் பின் 3 முதல் 4 வாரம் என்பது, உயர் நீதிமன்ற நியமனங்களுக்கானது.

ஆகவே ஒரு பெயரை மறுக்கத் தேவையில்லை, கோப்பை மேசையிலேயே வைத்திருந்தால் போதும். உச்ச நீதிமன்றத்தில் பணிமூப்பு பதவியேற்ற நாளிலிருந்து கணக்காகிறது. ஒரே நாளில் பலர் பதவியேற்றால் யார் முதலில் உறுதிமொழி எடுத்தார் என்பதே கணக்கு. கொலீஜியத்தில் இடம், தலைமை நீதிபதி நாற்காலி இரண்டையும் அந்த மூப்புதான் தீர்மானிக்கிறது. 65 வயதில் ஓய்வு என்பதால் சில வாரங்கள்கூடப் பெரிய விஷயம்.

ஜோசப் விஷயத்தில் நடந்ததும் இதுதான். அவரோடு பரிந்துரைக்கப்பட்ட இந்து மல்ஹோத்ராவின் பெயரை மட்டும் பிரித்தெடுத்து ஒப்புதல் தந்தார்கள். அவர் ஏப்ரல் 27-இல் பதவியேற்றார். ஜோசப் அகில இந்திய மூப்பில் பின்தங்கியவர், கேரளத்துக்கு ஏற்கெனவே இடம் உண்டு என்றது அரசு. 2016-இல் உத்தராகண்டில் குடியரசுத் தலைவர் ஆட்சியை ரத்து செய்த தீர்ப்பு அவருடையது என்பதை வழக்கறிஞர்கள் யாரும் மறக்கவில்லை. ஜூலையில் மறுபரிந்துரை போனது. கடைசியில் மூவர் பதவியேற்ற நாளில் அவர் மூன்றாமவர். அவருக்கு முன்னால், சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த இந்திரா பானர்ஜியும் வினீத் சரணும்.

பழியை அரசின் தலையில் மட்டும் போட முடியாது. 2018 டிசம்பர் 12-இல் கொலீஜியம் பிரதீப் நந்திரஜோக், ராஜேந்திர மேனன் பெயர்களை முடிவு செய்தது. தீர்மானம் வெளியாகவில்லை. மாத இறுதியில் மதன் லோகுர் ஓய்வு பெற, ஐவரில் ஒருவர் மாறினார். 2019 ஜனவரி 10-இல் போனவை வேறு இரண்டு பெயர்கள்: தினேஷ் மகேஸ்வரி, சஞ்சீவ் கன்னா. கன்னா 2024-இல் தலைமை நீதிபதியும் ஆனார்.

கொலீஜியத்துக்கு மாற்றாகச் சட்டமாக வந்த நீதிபதிகள் நியமன ஆணையத்தை உச்ச நீதிமன்றம் 2015 அக்டோபர் 16-இல் 4-க்கு 1 என்று ரத்து செய்த பிறகு மாற்று வழி எதுவும் வரவில்லை. ஆனால் 2017 அக்டோபர் முதல் தீர்மானங்கள் உச்ச நீதிமன்ற இணையதளத்தில் கிடைக்கின்றன. சிலவற்றில் காரணம் விரிவாக இருக்கும், ஆர்.மகாதேவனைப் பரிந்துரைத்த 2024 ஜூலை தீர்மானம், பிற்படுத்தப்பட்ட சமூகத்துக்கான பிரதிநிதித்துவம் என்று வெளிப்படையாகவே சொன்னது. சிலவற்றில் பெயரைத் தவிர எதுவும் இராது. ஒரே தீர்மானத்தில் இரண்டு பெயர் இருந்தால், இரண்டுக்கும் ஒரே நாளில் அரசிதழ் அறிவிக்கை வந்ததா என்று பாருங்கள். பரிந்துரை வரவேண்டிய நேரத்தில் வரவில்லையென்றால், ஐவரில் அடுத்து ஓய்வு பெறுபவர் யார், எந்தத் தேதியில் என்று தேடுங்கள்.