எந்தக் காரத்தைக் குறைக்க வேண்டும்?

"காரத்தைக் குறைச்சுக்குங்க" என்று டாக்டர் சொன்னால், ரத்த அழுத்தம் உள்ளவர் வீட்டில் முதலில் குறைவது குழம்பின் மிளகாய்த்தூள்தான். சப்பென்ற குழம்பு இறங்காது. அதனால் அப்பளமும் ஊறுகாயும் தட்டுக்கு வரும், மாலையில் மிக்சரும். உப்பு முன்பைவிடக் கூடிவிடும்.

'காரம்' என்ற சொல்லே இரண்டு ஊற்றிலிருந்து வந்தது. 'கார்த்தல்' என்ற வினைக்கு உறைப்பது, உப்புக் கரிப்பது என்று இரு பொருளுமே உண்டு. அறுசுவையில் ஒன்றான கார்ப்பு இதன் உறவு. இன்னொன்று, 'க்ஷாரம்' என்ற வடசொல். சாம்பல் உப்பு, அரிக்கும் பொருள் என்று பொருள். அப்பள மாவில் சேர்க்கும் அப்பளக்காரம், வெங்காரம் (போராக்ஸ்), வேதியியல் பாடத்தில் அமிலத்துக்கு எதிரான காரம் எல்லாம் இந்த வழி. (படிகாரம் மட்டும் பெயருக்குத்தான் காரம், நீரில் கரைத்தால் அமிலத்தன்மை.) போதாக்குறைக்கு, "இனிப்பு, காரம், காபி" என்னும்போது காரம் ஒரு பலகாரம். முறுக்கில் மிளகாய் இல்லாமல் இருக்கலாம், உப்பு இல்லாமல் இருக்காது.

மிளகாயின் உறைப்பு உண்மையில் சுவையே அல்ல. அதிலுள்ள கேப்சைசின் என்ற வேதிப்பொருள், சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. அதனால்தான் கண்ணில் பட்டாலும் எரிகிறது. தண்ணீரில் அது சரியாகக் கரையாது; பாலோ தயிரோதான் எரிச்சலைத் தணிக்கும். நெஞ்செரிச்சல், வயிற்றெரிச்சல் உள்ளவர்கள் தங்களுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் குறைக்க வேண்டியது இந்தக் காரம். உப்பிலுள்ள சோடியம் இதில் மிகக் குறைவு.

ரத்த அழுத்தத்துக்குக் கணக்கு சோடியம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு, அதாவது 2,000 மில்லிகிராமுக்கும் குறைவான சோடியம். சோடியம் உப்பில் மட்டும் இல்லை: சமையல் சோடா தலைதட்டி ஒரு டீஸ்பூனில் ஏறக்குறைய 1,200 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. உப்பைப்போல் கரித்துக் காட்டிக்கொடுக்காது. அப்பளக்காரமும் சோடியம் சேர்ந்த பொருள்தான். ஆகவே அப்பளத்தில் சோடியம் உப்பாக ஒருமுறை, காரமாக இன்னொருமுறை சேர்கிறது. பொரித்தாலும் சுட்டாலும் அது குறையாது. பாக்கெட்டின் பின்பக்கம் 'சோடியம்' என்ற வரியைப் பாருங்கள். அந்த எண் பெரும்பாலும் 100 கிராமுக்கு உரியது.

மோர்மிளகாயில் குற்றவாளி மிளகாயல்ல, அது ஊறிய உப்பு. டாக்டர் "காரம்" என்றால், அங்கேயே கேட்டுவிடுங்கள்: "மிளகாயா, உப்பா, பலகாரமா?"