செங்கல்லுக்கு விட்டுக்கொடுக்கும் சாந்து

லண்டனின் தென்மேற்குப் பகுதியில், தேம்ஸ் ஆற்றங்கரையில், கியூ தாவரவியல் பூங்காவுக்குள் ஒரு சிவப்பு வீடு நிற்கிறது. கியூ அரண்மனை என்று பெயர். இங்கிலாந்தின் அரச மாளிகைகளில் மிகச் சிறியது இதுதான். முதலில் இது அரசர் வீடே இல்லை. பிளமிஷ் வம்சாவளியில் வந்த சாமுவேல் ஃபோர்ட்ரி என்ற லண்டன் வணிகர் 1631-இல் தன் குடும்பத்துக்காகக் கட்டியது. முகப்பின் உச்சியில் வளைந்து வளைந்து ஏறும் மூன்று சுவர்முடிகளைப் பார்த்தவர்கள் 'டச்சு வீடு' என்றார்கள். அரச குடும்பம் பின்னால்தான் வந்தது. மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் மனைவி ராணி சார்லட் 1818-இல் இறந்தது இந்த வீட்டில்தான்.

அரச கதைகளை விட்டுவிட்டுச் சுவருக்குப் பக்கத்தில் போய் நிற்போம். ஒரே வரியில் ஒரு செங்கல் நீளவாட்டில் தெரியும், அடுத்த கல் குறுக்கே வைத்து அதன் தலை மட்டும் தெரியும், மறுபடி நீளம், மறுபடி தலை. நம் ஊரில் சிவில் டிப்ளமோ படித்தவர்களுக்கு உடனே பிடிபட்டுவிடும்: பிளமிஷ் பாண்டு. இங்கிலாந்தில் இந்த அடுக்குமுறையைக் கையாண்ட ஆரம்பகால வீடுகளில் இது ஒன்று. அதற்கு முன் அங்கே பெரிதும் வழங்கியது இங்கிலீஷ் பாண்டு. அதில் ஒரு வரி முழுக்க நீளக் கற்கள், அடுத்த வரி முழுக்கத் தலைகள்.

குறுக்கே வைத்த கல்தான் இதில் முக்கியம். பருத்த செங்கல் சுவர் என்பது உண்மையில் முன்னும் பின்னுமாக நிற்கும் அடுக்குகள். குறுக்குக்கல் உள்ளே நுழைந்து இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிறது. நிமிர்ந்த இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக நேர்க்கோட்டில் வந்துவிட்டால் சுவர் அந்தக் கோட்டிலேயே பிளந்துகொள்ளும். அதனால் ஒவ்வொரு தலையும் கீழ்வரியின் நீளக்கல்லுக்கு நடுவில் உட்கார வேண்டும். நீளக்கல் 9 அங்குலம், தலை 4½ அங்குலம் என்று வைத்துக்கொண்டால், இரு பக்கமும் 2¼ அங்குலம் மிஞ்சும். சரி, மூலையில் இந்தக் கணக்கு எப்படி நேராகும்? மூலைத் தலையை ஒட்டி 2¼ அங்குலத்துக்கு நீளவாக்கில் பிளந்த ஒரு துண்டைச் செருகுவார்கள். கொத்தனார்கள் அதைக் குளோசர் என்பார்கள். அந்த ஒல்லித் துண்டு இல்லாவிட்டால் மொத்தச் சுவரின் வரிசையும் குலைந்துவிடும்.

கல்லின் நிறம் மண்ணில் இருக்கும் இரும்பிலிருந்து வருகிறது. சூளையில் காற்றோட்டம் நன்றாக இருந்தால் இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து சிவக்கும். மண்ணில் சுண்ணாம்பு அதிகம் இருந்தால் கல் மஞ்சளாகும். பிற்கால லண்டன் வீடுகளின் மஞ்சள் செங்கல் அப்படி வந்ததுதான்.

ஆனால் இந்த வீட்டில் என்னை மிகவும் கவர்வது கற்களுக்கு நடுவே இருப்பது. சிமெண்ட் கிடையாது. சுண்ணாம்பும் மணலும்தான். சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 900 டிகிரியில் சுட்டால் கரியமில வாயு வெளியேறும். 100 கிலோ சுத்தமான கல் 56 கிலோவாகிவிடும். அதில் தண்ணீர் விட்டால் கொதித்து நீறும். அந்த நீற்றிய சுண்ணாம்பை மணலோடு குழைத்துச் சுவரில் வைத்தபின், வெளியே விட்ட அதே வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்ப எடுத்துக்கொண்டு மறுபடி கல்லாகிறது. மேற்புறம் முதலில் இறுகும். பருத்த சுவரின் உள்ளே அது போய்ச் சேர ஆண்டுக்கணக்கில் ஆகும்.

அப்படி இறுகிய பிறகும் அது செங்கல்லைவிட இளக்கம். அந்த இளக்கம்தான் வீட்டைக் காப்பாற்றுகிறது. ஆற்றங்கரை மண்ணில் நிற்கும் வீடு கொஞ்சமாவது அசையும், இறங்கும். சாந்து நெகிழ்ந்துகொடுப்பதால் கல் உடைவதில்லை. விரிசல் விட்டாலும் இணைப்பு வழியே படிப்படியாகப் போகும். மழைநீர் உள்ளே போகும்போது மிச்சமிருக்கும் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வந்து, மயிரிழை விரிசலில் படியவைத்து அடைத்தும் விடும். சிமெண்ட் சாந்தில் கட்டும் இன்றைய செங்கல் சுவருக்குப் பத்துப் பன்னிரண்டு மீட்டருக்கு ஒருமுறை விரிவு இடைவெளி விடுகிறார்கள். அந்தக் காலச் சுவர்கள் அது இல்லாமலே நின்றன.

ஈரத்தின் கதையும் இப்படித்தான். சுவருக்குள் புகுந்த தண்ணீர் நுண்துளை மிகுந்த சாந்து வழியாக ஆவியாகி வெளியேறும். உப்பும் சாந்தின் மேலேயே பூக்கும். இருபதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பல பழைய வீடுகளுக்கு நல்லது செய்வதாக நினைத்துச் சிமெண்ட் பாயிண்டிங் செய்துவிட்டார்கள், அதாவது கற்களுக்கு நடுவே இருக்கும் இணைப்பின் வெளிவாயைச் சிமெண்ட் சாந்தால் அடைத்துவிட்டார்கள். பார்ப்பதற்கு வருத்தமாக இருக்கும். இணைப்பு அடைபட்டதும் ஈரம் செங்கல் வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். உப்பு கல்லுக்குள் படிகமாகி நெட்டித் தள்ளும். குளிர்காலத்தில் உள்ளே உறையும் நீர் ஏறத்தாழ 9 விழுக்காடு பருக்கும். கல்லின் முகம் அப்பளம் போலப் பெயர்ந்து விழும். சிமெண்ட் கோடுகள் மட்டும் எலும்பு மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். தேய்ந்த சாந்தைச் சுரண்டி எடுத்துப் புதிதாக அடைப்பது ஒரு கொத்தனாரின் சாதாரண வேலை. முகம் போன கல்லுக்கு அப்படி ஒரு வைத்தியம் இல்லை.

அப்புறம், வாசலுக்கு மேலே பாருங்கள். சாமுவேல், அவர் மனைவி கேத்தரின் ஆகியோரின் பெயர் எழுத்துகளும் 1631 என்ற ஆண்டும் செதுக்கியிருக்கும். சன்னல் ஓரங்களிலும் செங்கல்லையே வெட்டி அணிவேலை செய்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட நுண்வேலைக்கென்றே மணற்பாங்கான இளங்கல் சுடுவார்கள். அதைக் கல்லில் தேய்த்து அளவுக்குக் கொண்டுவந்து, மணல் அதிகம் சேர்க்காத சுண்ணாம்பு விழுதில் ஒட்டினால் இணைப்பு ஓரிரு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும்.

1996-இல் தொடங்கிய பெரிய புதுப்பிப்பு முடிந்து 2006-இல் வீடு மக்களுக்குத் திறந்தபோது, வெளிச்சுவர் முழுக்கக் காவி கலந்த சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். தூரத்திலிருந்து கண்ணில் படும் அந்த ஆழ்ந்த சிவப்பு அந்தப் பூச்சுடையது. பெயின்ட் போலப் படலமாக மூடாமல் சுவரின் துளைகளுக்குள் இறங்கி இறுகுவதால், ஈரம் போகும் வழி திறந்தே இருக்கிறது. மழையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். கரைந்தால் மறுபடி அடித்துக்கொள்ளலாம்.