தலைசுற்றலுக்குக் கழுத்துப் பட்டை எதற்கு?

மும்பையில் தாராவி, சயான், மாட்டுங்கா பக்கத்திலிருந்து தலைசுற்றல் என்று என்னிடம் பிசியோதெரபிக்கு வரும் நம் ஆட்களில் பலர் கழுத்தில் பட்டையோடுதான் வருகிறார்கள். கையில் ஒரு எக்ஸ்ரே. அதில் எலும்புத் தேய்மானம் என்று எழுதியிருக்கும். ஐம்பது வயதைத் தாண்டியவர்களின் கழுத்தைப் படம் எடுத்தால் கொஞ்சமாவது தேய்மானம் தெரியத்தான் செய்யும். தலைசுற்றலுக்கு அதுதான் காரணம் என்று ஆகிவிடாது.

எப்போது சுற்றுகிறது, எவ்வளவு நேரம் சுற்றுகிறது என்பதுதான் என் முதல் கேள்வி. "படுக்கையில புரண்டா வீடே சுத்துது, கொஞ்ச நேரத்துல நின்னுடுது" என்று ஒரு அக்கா சொல்வார். இன்னொருவருக்கு, பரணிலிருந்து டப்பா எடுக்க அண்ணாந்து பார்த்தபோது வந்திருக்கும். இப்படிச் சொன்னால் என் சந்தேகம் காதின் மேல்தான்.

உள்காதில் ஒரு சிறு பை, அதில் கால்சியம் கார்பனேட் துகள்கள். பக்கத்திலேயே திரவம் நிரம்பிய மூன்று அரைவட்டக் குழாய்கள். வயதாலோ தலையில் அடிபட்டதாலோ, சில சமயம் காரணமே தெரியாமலோ துகள்கள் இடம் பெயர்ந்து குழாய்க்குள் போய்விடும். அப்புறம் தலையை அசைத்து நிறுத்தினாலும் அவை நகர்ந்துகொண்டே திரவத்தைத் தள்ளும். தலை இன்னும் சுழல்கிறது என்று மூளைக்குத் தகவல் போகும். தலையின் நிலை மாறும்போது வரும் இந்தச் சுற்றலைத்தான் ஆங்கிலப் பெயரின் சுருக்கமாக பிபிபிவி (BPPV) என்கிறோம்.

கண்டுபிடிக்க ஸ்கேன் தேவையில்லை. 1952இல் வெளிவந்த டிக்ஸ்-ஹால்பைக் சோதனை போதும். தலையை 45 டிகிரி திருப்பி, சட்டென்று மல்லாக்கப் படுக்க வைத்துக் கண்ணைப் பார்ப்போம். சில நொடிகளில் கருவிழி துடிக்கத் தொடங்கி, ஒரு நிமிடத்துக்குள் அடங்கும். துடிக்கும் விதத்திலிருந்து எந்தக் காது, எந்தக் குழாய் என்று தெரியும். பெரும்பாலும் பின்பக்கக் குழாய்தான். அதற்கு எப்லி முறை: தலையையும் உடலையும் வரிசையாகச் சில நிலைகளுக்குத் திருப்பி, ஒவ்வொன்றிலும் சுற்றல் அடங்கும்வரை வைத்திருந்து, துகளை வந்த வழியே பைக்குள் கொண்டு சேர்ப்பது. அமெரிக்கக் காது மருத்துவர் ஜான் எப்லி 1992இல் எழுதிய முறை. ஓரிரு தடவையிலேயே பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடுகிறது. யூடியூப் பார்த்து வீட்டில் செய்யலாமா என்று கேட்பார்கள். எந்தக் காது என்று தெரியாமல் செய்யாதீர்கள்.

மாத்திரை எதுவும் அந்தத் துகளை நகர்த்தாது. வாந்தியோடு கடுமையாகச் சுற்றும்போது சில நாட்களுக்கு மாத்திரை வேண்டும்தான். ஆனால் சின்னரிசின் போன்றவற்றை மாதக்கணக்கில் மருந்துக் கடையில் தானாக வாங்கிப் போடுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலை. வயதானவர்களுக்கு அது கைநடுக்கத்தையும் உடல் இறுக்கத்தையும் கொண்டுவரலாம். மூளை சமநிலையைத் திரும்பக் கற்பதையும் தாமதப்படுத்தும்.

எல்லாம் துகள் அல்ல. வைரஸ் தாக்கிக் காது நரம்பு வீங்கினால் நாள்கணக்கில் சுற்றும். கடுமை தணிந்ததும் படுத்தே கிடப்பது தவறு. ஒரு அட்டையில் எழுத்தொன்றை எழுதிக் கைநீட்டிப் பிடித்து, கண்ணை அதிலேயே வைத்துத் தலையை இடமும் வலமும் திருப்ப வேண்டும். லேசாகச் சுற்றும். அந்த லேசான சுற்றலில்தான் மூளை பழகுகிறது. பயந்து நிறுத்திவிடுகிறவர்களுக்குத்தான் தேற நாளாகிறது.

பயிற்சியை அவரவர் வாழ்க்கைக்கு ஏற்பத்தான் அமைக்க வேண்டும். தாராவியில் மாடி அறைக்குப் போவது பல வீடுகளில் செங்குத்தான இரும்பு ஏணியில். அந்த வீட்டு அம்மாவுக்குச் சமதளத்தில் நடக்கச் சொல்லிக் கொடுத்து என்ன பயன்? தாதர் பாலத்தில் எதிரே வரும் கூட்டத்தைப் பார்த்தாலே தள்ளாடுபவருக்கு, நடந்தபடி தலையைத் திருப்பும் பயிற்சி தருவேன். சர்க்கரை நோயில் பாதம் மரத்தவர்கள் இருட்டில்தான் அதிகம் தடுமாறுவார்கள். அவர்களுக்குப் பயிற்சியோடு இரவு விளக்கும் வேண்டும்.

ஒன்று மட்டும் கண்டிப்பு. சுற்றலோடு பேச்சு குளறினாலோ, முகம் கோணினாலோ, பார்வை இரட்டையானாலோ, கைகால் வலுவிழந்தாலோ, நிற்கவே முடியாவிட்டாலோ, திடீரெனக் கடும் தலைவலி வந்தாலோ எங்களிடம் வராதீர்கள். நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். பக்கவாதமாக இருக்கலாம். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அன்றைக்கே காது மருத்துவரைப் பாருங்கள்.

பிபிபிவி சரியானபின் திரும்பவும் வரலாம். வைட்டமின் டி குறைவாக இருந்தால் அதைச் சரிசெய்வது நல்லது. மறுபடி சுற்றினால் போன தடவை வலது காது என்பதால் இப்போதும் வலதுதான் என்று முடிவு கட்டாமல், புதிதாகச் சோதித்துக்கொள்ளுங்கள்.