மட்டை வீச்சு காலில் தொடங்குகிறது

இணைப்பாட நடவடிக்கையாக, பேஸ்பாலைப் போன்ற ஆட்டமான சாஃப்ட்பாலைத் தேர்ந்தெடுக்கும் நம் பிள்ளைகள் பலருக்கு, மட்டை என்றாலே கிரிக்கெட் மட்டைதான். வீட்டில் அப்பாவோ மாமாவோ கற்றுக்கொடுத்ததும் அதுவே. 2019 தென்கிழக்காசிய விளையாட்டுகளில் சிங்கப்பூர் ஆடவர் அணி சாஃப்ட்பாலில் தங்கம் வென்றிருந்தாலும், திடலோரத்தில் நிற்கும் பெற்றோரிடமிருந்து இன்றும் அதிகம் கேட்பது, "முழங்கையைத் தூக்கு", "ஓங்கி அடி" என்ற இரண்டு கட்டளைகள்தாம். பயிற்றுவிப்பாளராக நான் காண்பது வேறு: கையில் தெரியும் பிழை பெரும்பாலும் காலில் தொடங்கியிருக்கிறது.

கிரிக்கெட்டில் முன் முழங்கையை உயர்த்துவதற்குக் காரணம் உண்டு. தரையில் பட்டு எழும் பந்துக்கு மட்டையை நேராக வைக்க அது உதவுகிறது. சாஃப்ட்பாலில் பந்து தரையில் படாமல் வருவதால், மட்டை அதன் பாதையில் விரைவாக நுழைந்து, சற்று நேரம் அதே பாதையில் பயணம் செய்ய வேண்டும். பின் முழங்கையை உயரத் தூக்கி நிற்கும் சிறுமி, அதைக் கீழே கொண்டுவருவதற்குள் பந்து கடந்துவிடுகிறது. பெண்களுக்கான ஆட்டத்தில் பந்தை எறியும் இடத்திலிருந்து, மட்டை பிடிப்பவர் அருகே நிற்கும் ஹோம் பிளேட் எனும் தட்டு வரை 43 அடிதான். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து அதை ஏறத்தாழ 0.6 விநாடியில் கடக்கும். எறிபவர் முன்னால் பாய்ந்து எறிவதால் அந்த நேரமும் முழுமையாகக் கிடைப்பதில்லை.

ஆகவே உடல் இயங்கும் வரிசைதான் முக்கியம். முன் கால் சிறிய அடியெடுத்துத் தரையில் ஊன்றும்போது கைகள் இன்னும் பின்னாலேயே இருக்க வேண்டும்; அதன்பிறகு இடுப்பு திரும்பி, மார்பும் தோளும் அதைத் தொடர்ந்து, கடைசியில் கைகளும் மட்டையும் வர வேண்டும். இடுப்பு முந்தித் திரும்பி, தோள் சற்றுப் பிந்தும் அந்த இடைவெளியில்தான் விசை பிறக்கிறது. புதிதாகக் கற்பவர்களுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் நகர்ந்துவிடுகின்றன. அடியெடுத்து வைத்து, ஒரு கணம் நின்று, பிறகு சுழற்றச் சொல்வது எளிய பயிற்சி. அலுப்பூட்டும், ஆனால் பலன் தரும். பின் காலைப் பூச்சியை நசுக்குவதுபோல் திருகச் சொல்வதை நான் விட்டுவிட்டேன். அப்படிச் சொன்னால் உடல் எடை முன்னே வராமல் பின் காலிலேயே தங்கி, பிள்ளை நின்ற இடத்திலேயே சுழல்கிறது.

மின்னல் எச்சரிக்கை ஒலித்துத் திடலைவிட்டு வெளியேறும் நாள்கள் நமக்குக் குறைவில்லை. அப்போது கூரையுள்ள இடத்தில் ஒரு வலையும், பந்தை வைத்து அடிக்கும் டீ கம்பமும், மென்மையான பயிற்சிப் பந்துகளும் போதும். பலரும் டீயைத் தொப்புளுக்கு நேராக வைத்து அடிக்கிறார்கள். நடுவில் வரும் பந்துக்கு அது முன் காலுக்கு நேராகவோ சற்று முன்னாலோ இருக்க வேண்டும். உடலுக்கு நெருக்கமாக வரும் பந்துக்கு இன்னும் முன்னால், விலகி வரும் பந்துக்குச் சற்றுப் பின்னால். கைப்பேசியில் பக்கவாட்டிலிருந்து மெதுவோட்டக் காணொளி எடுத்து, முன் கால் ஊன்றிய கணத்தில் கைகள் எங்கே இருக்கின்றன என்பதை மட்டும் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு திருத்தம் போதும்.

மட்டை வாங்குவதிலும் கவனம் தேவை. வளரும் பிள்ளைதானே என்று பள்ளிக் காலணியைப்போல் ஓர் அளவு பெரிதாக வாங்கிவிடுகிறோம். கனமான மட்டையைச் சுழற்ற முடியாத பிள்ளை, இடுப்பை விட்டுவிட்டுத் தோளாலும் முதுகை வளைத்தும் இழுக்கிறது. மட்டையைத் தன் வலுவான கையில் பக்கவாட்டில் நீட்டி, 20 விநாடி அசையாமல் பிடிக்க முடியாவிட்டால் அது கனம்; பயிற்றுவிப்பாளர்களிடையே வழங்கும் தோராயமான சோதனைதான் இது, என்றாலும் கடையிலேயே செய்து பார்க்கலாம். கைப்பிடி முனையின் குமிழ் கீழ்க்கையின் உள்ளங்கையில் அழுந்தும்படி பிடிப்பவர்களுக்கு, சுண்டுவிரல் பக்கத்து மணிக்கட்டு எலும்பு முறிவதும் உண்டு. வளரும் வயதில் திரும்பத் திரும்ப உடலை முறுக்குவதால் கீழ்முதுகு எலும்பில் அழுத்த முறிவு வரலாம் என்பதால், வீசும்போது கீழ்முதுகு வலி தொடர்ந்தால் பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள். போட்டிப் பருவம் நெருங்கினாலும் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.